பதினாலு மணித்தியாலம்

ஒக்டோபர் கடைசி ஞாயிறு
மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் தள்ளினோம்.
கோழிகளுக்கு யாரும் சொல்லவில்லை.
மலைக்குப் பின்னால் வெயில் இறங்க
முப்பத்தொரு பேடும் ஒரு சேவலும்
ஏணிப்பலகையால் ஏறி உள்ளே போய்விட்டன.
தானியங்கிக் கதவு மட்டும்
இன்னுமொரு மணித்தியாலம் திறந்தே கிடந்தது,
நரிக்கு.

காலையில் இருபத்தொன்பது பேடு.
கதவின் மணிக்கூட்டையும் மறக்காமல் மாற்றியது
நான்தான்.

பிறகு இறகு கொட்டத் தொடங்கியது.
தலையணை வெடித்த அறை போல முற்றம்,
கழுத்து வெறித்து, வால் இல்லாமல்,
ஒன்றையொன்று பார்க்க வெட்கப்பட்டதுகள் மாதிரி.
ஆகஸ்டில் செம்பேனுக்கு
நள்ளிரவில் டோர்ச் பிடித்துச் சட்டம் சட்டமாகக் கழுவியபோதும்
இருபத்துநாலு இட்டதுகள்.
இப்போது ஒன்பது. ஆறு. இரண்டு.
பிறகு கொப்பியில் வெறும் கோடு.

‘பல்ப் ஒன்று போடு’ என்றான் பக்கத்துத் தோட்டத்து வெர்னர்.
‘இருட்டோடு மூன்று மணிக்கே பற்றட்டும்.
பதினாலு மணித்தியாலம் வெளிச்சம் கண்டால்
கோழி வசந்தமென்று நம்பும்.’

லங்னவ் சீஸ் ஆலையில்
பதினொரு வருடம் இரவு வேலை செய்தவள் நான்.
மூன்று மணி வெளிச்சத்தை எனக்குத் தெரியும்.
உடம்பு நம்பத்தான் செய்யும்.
கணக்குப் பிறகு வரும்.

குலேந்திரன் பல்ப்பும் டைமரும் வாங்கிவிட்டார்.
அவர் சொன்னதிலும் பிழையில்லை:
குளிருக்குத் தீனி கூடப் போகிறது,
மூட்டை முப்பத்தெட்டுப் பிராங்,
முட்டையில்லாத கோழி வாடகை தராத ஆள்.

மூன்று இரவு எரிந்தது.
மூன்று இரவும் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போய்
யன்னலால் பார்த்தேன்.
ஒன்றும் தின்னவில்லை.
புதுக் குருத்திறகு முள்முள்ளாய் முளைத்த பேடொன்று
சுவரைப் பார்த்தபடி நின்றது,
பஸ் தவறவிட்டவள் போல.
நாலாம் இரவு வயரைப் பிடுங்கினேன்.
அவருக்குத் தெரியும். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஸௌக் அம்மா வந்தா.
வெறும் பெட்டியைக் காட்டினேன்.
‘என்ன, வேலைநிறுத்தமா?’
‘இல்லை, விடுமுறை.’
‘சம்பளத்தோடா?’
‘ஓம். சோளத்தோடு.’

நத்தார் கேக்குக்கு
மிக்ரோவில் பத்து முட்டை வாங்கி
பையின் அடியில் லீக்ஸுக்குக் கீழே ஒளித்து
கூட்டடியால் வராமல்
களஞ்சியத்தைச் சுற்றி வந்தேன்.

ஜனவரி முழுக்கக் கேத்தல்தான்.
காலை ஒன்று, மத்தியானம் ஒன்று,
தண்ணீர்த் தட்டில் சுடுநீர் ஊற்ற
பனிக்கட்டி ஒரு சத்தத்தோடு விடும்.
என் கைவெடிப்புக்கு மிஞ்சிய வாசலினைச்
சேவலின் கொண்டைக்குப் பூசினேன்.
அது கொத்தியது.

பெப்ரவரி பன்னிரண்டு.
வைக்கோல் பெட்டியிலல்ல, விறகுக் குவியலோரம்,
வெறும் பனிமேல் ஒரு முட்டை,
குளிரில் விறைத்து நீளப்பாட்டுக்கு வெடித்து.
விற்கவும் முடியாது, அவயத்துக்கும் வைக்க முடியாது.
கொப்பியில் ‘ஒன்று’ என்று எழுதினேன்.

குலேந்திரன் பேனையை வாங்கினார்.
கொஞ்ச நேரம் யோசித்து
பக்கத்தின் அடியில் எழுதினார்:
மார்ச் கடைசி ஞாயிறு.
கதவைத் தொட வேண்டாம்.