ஒன்றரை முழம் ரிப்பன்

எமிர்கான் பூங்காவில் ஏப்ரல் சனிக்கிழமை.
எள் போட்டால் எள் விழாது.
பாத்திக்கு மூன்று ஜோடி,
ஜோடிக்கு ஒரு கேமரா,
கேமராவுக்கு இரண்டு அத்தைகள்.

எனக்கு வாய்த்தது குளத்தோரம்,
ஊதா துலிப் முடிந்து வெள்ளை தொடங்கும் இடம்.
நாற்பது நிமிடம்.
அதற்குள் காதலித்துக் காட்ட வேண்டும்.

பெண், நெஸ்லிஹான்.
பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில்
நாள் முழுக்கப் புன்னகைக்கிறவள் என்பதால்
இங்கே அது வரவில்லை.
பையன், துர்குத்.
ஊஸ்குதார் படகில் கயிறு வீசுகிறவன்.
கைகளை எங்கே வைப்பது என்று
என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.
கயிறு இல்லாத கை, பாவம்.

நிச்சயம் முடிந்து மூன்று வாரம்.
இரண்டு மோதிரம் கோத்த சிவப்பு ரிப்பனை
அவள் மாமா அன்றே வெட்டிவிட்டார்,
'கத்தரி மொன்னை, நகர மாட்டேனென்கிறது' என்று
வழக்கம்போல் மாப்பிள்ளை பையைக் கறந்த பிறகு.
படத்துக்காக நான் மறுபடி கட்டினேன்,
மீட்டர் கணக்கில் வாங்கிய புது ரிப்பன்.

அப்போதுதான்
பாஸ்பரஸ் பக்கமிருந்து மழை.
பெரிய மழை இல்லை,
தலைமுடிக்குச் செலவழித்த காசை மட்டும்
கேட்டு வாங்கிப் போகிற மழை.
அத்தைகள் கத்தினார்கள்.
அவள் குதிகால் மண்ணில் புதைய,
காவலர் விசில் ஊதினார்:
பூவிலிருந்து காலை எடு!

எடுத்தார்கள். ஓடினோம்.
ஓடத்தான் முடியவில்லை:
மோதிரம் இருவருக்கும் வலது கையில்.
பக்கத்தில் பக்கம் நடக்க வராது.
அவன் திரும்பிக்கொண்டு பின்னால் நடந்தான்,
அவளைத் துறைக்கு இழுத்து வருகிறவன்போல.

தேநீர்க் கடைக் கூரையடியில்
முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன்.
நனைந்த சாட்டின், நகத்துக்கு மசியவில்லை.
துர்குத் குனிந்து பார்த்தான்.
அன்று அவன் தானாகப் பேசிய முதல் பேச்சு:
'நல்ல முடிச்சு பிடிக்கவும் வேண்டும்,
கேட்டால் விடவும் வேண்டும், அக்கா.
இது என்ன முடிச்சு?'

என்ன சொல்ல?
என் பழைய முடிச்சு ஒன்றை அவிழ்க்க
கார்த்தால் நீதிமன்றத்துக்கு இரண்டு வருடம் பிடித்தது.
சிரித்துவைத்தேன்.

மோதிரத்தைக் கழற்றுங்களேன் என்றாள் ஓர் அத்தை.
நெஸ்லிஹான் இழுத்துப் பார்த்தாள்.
ஒரு அளவு சின்னது.
கடையிலேயே தெரியும், சொல்லவில்லை என்று
இப்போது சொன்னாள்,
விரல் சிவந்து, காது சிவந்து.

எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள்.
எனக்குத் தெரியும்:
முதல் படத்திலேயே அவன் மோதிரம்
விரலில் தானாகச் சுற்றியது.
ஒரு உதறு உதறினால் போதும்.

அவன் விரலை மடக்கினான்.
'எனக்கும் இறுக்கம்தான்' என்றான்.

நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இடது கையால் தேநீர் குடித்தார்கள்.
அவள் சர்க்கரைக் கட்டியைத் தவறவிட,
அவன் எடுக்கக் குனிய,
அவளும் சேர்ந்து குனிய நேர்ந்தது.
அங்கே, மேசைக்கடியில்,
ஒரு பூனையின் எதிரில்,
என்ன பேசினார்கள் என்று தெரியாது.
மேலே வந்தபோது
வரவேற்பு மேசையில் இல்லாத சிரிப்பு ஒன்று
அவள் முகத்தில் கோணலாக இருந்தது.
கேமரா பையில் இருந்தது.

மழை விட்டதும் தோட்டக்காரர் வந்தார்,
வாடிய துலிப் தலைகளை நறுக்கும் கத்தரியோடு.
ரிப்பனைப் பார்த்தார்.
பிளேடை இரண்டு தரம் வெறுமனே சொடுக்கி,
'மொன்னை' என்றார்,
கையை நீட்டினார்.
துர்குத் இடது கையால்
வலது பையைத் தேடி, திணறி,
இருபது லிரா கொடுத்தான்.
நறுக்.

மொத்தம் இருநூற்றுப் பதினோரு படம்.
அத்தைகள் பிடித்துக்கொண்டது
எண் முப்பத்தெட்டை:
மழைக்கு முன், குளம் பின்னால்,
இருவரும் நேராகப் பார்க்கிறார்கள்,
முடி கலையவில்லை.

பெரிதாக்கிக் கொடுத்தேன்.
துண்டு ரிப்பன் ஒன்று இன்னும்
என் கேமரா வாரில் இருக்கிறது.
யார் பக்கத்துத் துண்டு என்று தெரியவில்லை.
முடிச்சு என்னவோ அதில்தான்.