இல்லாத நாயின் கிண்ணம்

நெவாடாவில் அரசு நிலம். வாடகையில்லை, வேலியில்லை,
செல்போனில் ஒரு கோடுகூட இல்லை.
டெல்ஃபா தன் வீட்டுவண்டியின் மூக்கைச்
சாலைப் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.
ஓட வேண்டி வந்தால்
பின்னால் எடுக்க நேரமிருக்காது.

படியருகே பதின்மூன்றாம் நம்பர் ஆம்பளை பூட்ஸ்,
பழைய சாமான் கடையில் நாலு டாலர்.
பக்கத்தில் 'புரூனோ' என்றெழுதிய கிண்ணம், நிறையத் தண்ணீர்.
கணவனும் இல்லை, நாயும் இல்லை.

கேஸை மூடினாள்.
விஷவாயு அலாரத்தை அமுக்கிப் பார்த்தாள். கத்தியது.

இரண்டு மணிக்கு
சளப், சளப்.
சாவி கையில். மூச்சு எங்கேயோ.
நெடுநேரம் குடித்தது அது.

விடிந்ததும் பார்த்தாள்:
கிண்ணம் காலி. மணலில் நான்கு விரல் தடங்கள்
பூட்ஸை ஒருமுறை சுற்றிவிட்டு
மலைப்பக்கம் போயிருந்தன.

இன்று கிளம்புவதாக இருந்தாள்.
கேனைச் சாய்த்தாள்,
கிண்ணம் நிறையும்வரை.