இருப்புக் கணக்கு

டிசம்பர் இருபத்தெட்டு, இரவு ஒன்பது மணி.
காக்கி புக்கிட், ஐந்தாம் மாடிக் கிடங்கு.
லிஃப்ட் பழுது; ஏசி மட்டும் தாராளம்.
சுஹைலா குழாய் குழாயாக எண்ணிச் சொல்கிறாள்,
நான் எழுதுகிறேன்.

ஏழு நாலு ஒன்று: முந்நூற்றுப் பன்னிரண்டு.
மூன்று ஐந்து எட்டு: இரண்டாயிரத்து நாற்பது.
மூன்று இரண்டு நாலு...
"இரு மேகலா, இந்தக் குழாய் பாதிதான்."

எண்ண ஆரம்பித்தால் எல்லாமே குடும்பக் கதை.
741 தனிக்கட்டை. எட்டுக் கால்;
எட்டாவது உள்ளே எதோடும் சேராது,
நிற்பதற்காக நிற்கிறது.
358 ஒரே கூரையில் இருவர்.
324 நால்வர், ஒரே மின்கட்டணம்,
அண்ணனும் நானும் வளர்ந்த யீஷூன் மூவறை வீடு போல.
555க்கு ஒட்டிப் பிறந்த 556 உண்டு;
நான்கு வருடத்தில் ஒருவர்தான் கேட்டு வந்தார்.
386 குட்டி உருவம், ஸ்பீக்கரைப் பேச வைக்கும் தொண்டை.
317க்கு இவ்வளவுதான் என்று கிடையாது;
இரண்டு மின்தடை வைத்துக் கேட்டால்
கேட்ட அளவுக்கு இறங்கி வரும்.
எங்கள் வீட்டில் அப்படி யாரும் பிறக்கவில்லை.

கைப்பேசி அதிர்கிறது. அண்ணன்.
'வீட்டை விற்கலாம்னுதானே நானும் சொல்றேன்.'
நானும் அதைத்தான் சொல்கிறேன்.
மூன்று மாதமாகக் கையெழுத்து விழவில்லை.

741-இன் தரவுத்தாளில் இதற்கு ஒரு வரி இருக்கிறது:
இரண்டு உள்ளீட்டிலும் ஒன்றையே கொடுத்தாலும்
வெளியே சுழியம் வராது.
கொஞ்சம் கோணல், பிறவியிலேயே.
ஒன்றாம் காலுக்கும் ஐந்தாம் காலுக்கும் நடுவே
ஒரு குமிழ் வைத்து மெல்லத் திருக வேண்டும்.

இரு பக்கமும் சமமாய் வருவதை அது காதில் வாங்காது.
அதே அம்மா, அதே பள்ளிப் பேருந்து,
ஒரே வாரத்தில் இருவருக்கும் கண்ட அம்மை,
எல்லாம் கழிந்துவிடும்.
ஒரு மில்லிவோல்ட் வித்தியாசம் போதும்,
கூரையில் முட்டும்வரை கத்தும்.

கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறேன்.

அடுத்த அலமாரி. 78 வரிசை நேர், 79 வரிசை எதிர்.
பங்காளிகள்.
ஒரே உடம்பு, மூன்றே கால், முதுகுத் தகட்டில் ஒரே துளை.
கால்களின் முறை மட்டும் வேறு:
ஒருவன் மின்சாரம் வாங்கும் காலால்
மற்றவன் தரையைத் தொடுவான்.

அக்டோபரில் செனோக்கோவிலிருந்து
பத்தொன்பது பலகைகள் திரும்பி வந்தன. உயிரில்லை.
7805 இருக்க வேண்டிய இடத்தில் 7905.
திரு கோ சத்தம் போட்டது சுஹைலாவிடம்.
நான் பக்கத்தில் நின்று
ஏற்கெனவே துடைத்த ஸ்கேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது 7805 பெட்டியின் அடியிலிருந்து
அவள் கை ஒரு குழாயை இழுக்கிறது.
நிறைந்திருந்தால் ஐம்பது.
"முப்பத்தொன்று" என்கிறாள்.
மறுபடி எண்ணுகிறாள். முப்பத்தொன்று.

குழாயின் மேல் மஞ்சள் ஒட்டுத்தாள்.
ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு.
ஒன்பதின் வால் அவசரத்தில் சுருண்டு
எட்டாகியிருக்கிறது.
இந்தக் கிடங்கில் ஏழுக்குக் கோடு போடுகிறவள்
நான் ஒருத்திதான்.

அவளும் பார்க்கிறாள்.
ஏசி ஓடுகிறது.
"எதில் எழுதப் போற, எழுபத்தெட்டிலா எழுபத்தொன்பதிலா?"

தெரிந்துதான் கேட்கிறாளா?
முகத்தில் ஒன்றும் இல்லை, குளிரைத் தவிர.

"எழுபத்தொன்பதில்" என்றேன்.
"அது என் எழுத்து, சுஹைலா.
காலையில் கோவிடம் நானே சொல்றேன்."

"காலையில் எதற்கு?" என்றாள்,
அடுத்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி.
"மேலேதான் இருக்கார். எட்டாம் மாடி."

பேனாவை மூடினேன்.
லிஃப்ட் இல்லை. படிதான்.