ஏழாவது லேன்

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் எனக்கு ஏழாவது லேன்.
கிரானைட் டிரெய்லர், பால் டேங்கர்,
பெங்களூருக்கு ரோஜா ஏற்றிய வேன்,
எதுவானாலும் ஒவ்வொன்றாகத்தான் வரும்.
கட்டை ஏறும், இறங்கும்.

லோகித்துக்குக் கட்டை இல்லை.
எட்டு வயசு.
இடது காலில் சாக்ஸ் ஏறிவிட்டது.
வலது காலுக்குப் போகும் வழியில்
சுவரில் ஒரு பல்லி.
பல்லிக்கு வாலில்லை.
வாலைத் தேடிக் கட்டிலுக்கடியில் போனான்.
அங்கே போன வாரம் தொலைந்த ரப்பர்.
ரப்பர் எவ்வளவு தூரம் உருளும்?
ஸ்கூல் வேன் ஹார்ன் அடித்து, அடித்து,
போய்விட்டது.

நான் அடித்தேன்.
அதை எழுதாமல் விட்டால் இது பொய்க் கவிதை.
இரவு ஷிப்டில் ரசீது கிழித்த கை
அந்தக் கைதான்.

செல்லம் கொடுத்துக் கெடுத்தாய் என்றார்கள்.
செல்போன் என்றார்கள்.
வேலைக்குப் போகிற அம்மா என்று
சொல்லாமல் சொன்னார்கள்.
மந்திரித்துக் கட்டிய கயிற்றை
மறுநாளே அவிழ்த்துப் பம்பரத்தில் சுற்றிவிட்டான்.
நன்றாகச் சுற்றியது.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில்
டாக்டரம்மா நிறையக் கேட்டார்.
வீட்டிலும் இப்படியா, பள்ளியிலும் இப்படியா,
எத்தனை வயதிலிருந்து.
ஷமீம் டீச்சர் எழுதித் தந்த இரண்டு பக்கத்தையும் படித்தார்.
பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது?
இல்லை என்றேன்.
மேசைக்கடியில் மாதேஷின் முட்டி
தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.
டாக்டர் அதைப் பார்த்தார்.
நான் டாக்டரைப் பார்த்தேன்.
லோகித் எங்களைப் பார்க்கவில்லை,
எடை மிஷினில் ஏறி இறங்கி ஏறி
தன் எடை மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மாங்கூழ் ஆலை, டெம்போ, ஓசூரில் இரண்டு கம்பெனி,
அணைக்குப் பக்கத்தில் மீன் வறுவல் கடை.
எதிலும் ஒரு வருசம் தாண்டாத மனிதர்.
பொறுப்பில்லை என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்.
பஸ் காரிமங்கலம் தாண்டும்வரை வாய் திறக்கவில்லை.
பிறகு,
"நாலாங்கிளாஸ்ல எங்கப்பா என்னை
வேப்பமரத்துல கட்டி வெச்சாரு."
அவ்வளவுதான்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை.
வேறொரு பிள்ளையாகிவிடுவானோ என்று பயந்தேன்.
ஆகவில்லை.
மத்தியானம் டப்பாவில் பாதிச் சோறு திரும்பி வருகிறது,
அதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறோம்.
பல்லி இன்னும் அதே சுவரில்தான்.
பார்க்கிறான்.
பார்த்துவிட்டு வலது சாக்ஸுக்கு வருகிறான்,
சில நாள்.

முன்பெல்லாம் ஒரே மூச்சில்
பல் விளக்கு குளி சட்டை போடு பை எங்கே தண்ணீர் பாட்டில்
என்று பத்து வண்டியை ஒன்றாக விடுவேன்.
இப்போது, சட்டை.
நிற்கிறேன்.
பை.
நிற்கிறேன்.
நிற்பதுதான் கஷ்டம். அது என் வீட்டுப்பாடம்.

ஷமீம் டீச்சர் அவனை முன்பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார்.
ஹாஜர் நோட்டு, சாக்பீஸ் டப்பா,
எதையாவது கொடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.
"எந்திரிக்க ஒரு சாக்கு குடுத்தா
நடுவுல ரெண்டு பெருக்கல் நடக்குது மேடம்."
எதிர்வீட்டுப் பிறந்தநாளுக்கு
இன்னும் கூப்பிடுவதில்லை.

இரவு டீ இடைவேளையில் போன் அடிக்கும்.
தூக்கம் வரல, இப்ப என்ன வண்டி?
பூத்துக்கு வெளியே நின்று சொல்வேன்.
தக்காளி வேன்.
எத்தனை சக்கரம்?
நாலு.
அப்புறம்?
டிரெய்லர், இருபத்திரண்டு.
ஆக இருபத்தாறு.
அப்புறம்?
கார். அப்புறம் ஒரு ஆம்னி பஸ்.
முப்பது, முப்பத்தி…

நேற்று முப்பதிலேயே நின்றுபோனது.
மாதேஷ் போனை வாங்கி
"தூங்கிட்டான்" என்றார்.
வைக்கவில்லை.
கட்டிலின் கிறீச், ஃபேன் சத்தம்.
ரொம்ப நேரம் கழித்து,
பிள்ளை எழுந்துவிடாத குரலில்,

"அடுத்து என்ன வண்டி?"