கழுத்துக்குக் கீழே

முதலில் சிமெண்ட் என்றார்கள்.
அலர்ஜி, கையுறை போடு,
ஒரு ட்யூப் களிம்பு.
நாலு நாள் அடங்கி
ஐந்தாம் நாள் இடுப்புக்கு இறங்கியது.

அடுத்தவர் படர்தாமரை என்றார்.
அதற்கும் அடுத்தவர் வேர்க்குரு:
சஜாவில், ஆகஸ்டில், யாருக்குத்தான் இல்லை?
ஃபோர்மேன் பேரே சொல்லவில்லை.
சவேரிமுத்துவின் தட்டைத் தனியே வை என்றான்.
வைத்தது நான்.

அவன் எழுந்துபோன சூடு ஆறுமுன்
இரவு ஷிப்ட் முடித்த தில்பகதூர்
அதே கட்டிலில் விழுவான்.
தட்டைப் பிரித்தோம்,
கட்டிலைப் பிரிக்க இடமில்லை.
ராத்திரி அறையெங்கும் பறட் பறட்.
ஏசியின் சத்தம் என்றே
சொல்லிக்கொண்டோம்.

கடைசியில் ஒரு மலையாளத்து டாக்டரம்மா
விரலிடுக்கில் சாம்பல் கோடு ஒன்றைப் பார்த்து
ஊசிமுனையால் எதையோ எடுத்து
லென்ஸுக்கடியில் காட்டினாராம்.
புள்ளி. எட்டுக் கால். நடந்ததாம்.
சிரங்குப் பூச்சி.
"ரூமில் எத்தனை பேர்?"
பன்னிரண்டு.
"பன்னிரண்டு பேரும் ஒரே ராத்திரி.
கழுத்துக்குக் கீழே ஓர் இடம் விடாமல்."

வியாழன் இரவு
சட்டை கழற்றி நின்றோம்.
அவரவர் முதுகு அவரவர்க்கு எட்டவில்லை.
என் முதுகில் தில்பகதூர்,
சவேரிமுத்து முதுகில் நான்.
எழுதி எழுதி அடித்த கடிதம் மாதிரி
நகக்கோடுகள்.
"இடது தோளுக்குக் கீழ விட்டுட்ட" என்றான்.
வேறெதுவும் பேசவில்லை.

பூச்சி செத்தும் இரண்டு வாரம் அரிக்கும்
என்று சொல்லியிருந்தார்கள். அரித்தது.
பிறகு நின்றது.

தட்டை மட்டும் இப்போதும்
அவனே
தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறான்.