முகத்துவாரம்

எத்தனை சாப்பிட்டீங்க என்றார் டாக்டர்.
ரெண்டு.
விரலைத்தான் காட்டினேன்,
வாய் அப்போது என்னுடையதாக இல்லை.

பதினெட்டு வருஷம்
முதுநகர் துறைமுகத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்
தலை கிள்ளி, ஓடு உரித்து, நரம்பு உருவி
நான் எடைக்குப் போட்ட இறாலையெல்லாம்
ஒன்றாய்க் குவித்தால்
எங்கள் தெரு மூழ்கும்.
போன ஐப்பசியிலிருந்து மணிக்கட்டில் தடிப்பு.
ஐஸ் தண்ணி என்றேன்,
தேங்காய் எண்ணெய் தடவினேன்.
எனக்குத் தெரியாமல் என் ரத்தம்
ஒரு நோட்டுப் போட்டு
கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. இறால் தொக்கு.
முதலில் உள்ளங்கை அரித்தது.
காசு வரும் என்றாள் நாத்தனார்.
அப்புறம் உள்ளங்கால், காது மடல்,
மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் ஓர் எறும்பு.
வயிற்றில் தடிப்புகள்
தீவு தீவாய் எழுந்தன,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஒன்றோடொன்று ஒட்டிக் கரையாயின.
உதடு உப்பி, இமை உப்பி
பீரோ கண்ணாடியில் வேறு எவளோ.
அடிவயிறு முறுக்கித் தின்றதெல்லாம் வெளியே வந்தது,
அந்த ரெண்டும்தான்,
இருந்தும் அது அடங்கவில்லை.

நாக்கு ஊறின அவல், வாய்க்குள் இடம் கேட்டது.
அறிவழகா என்று மகனைக் கூப்பிட்டேன்.
வந்தது சீழ்க்கை.

கோடையில் உப்பனாற்று வாயில் மணல் ஏறும்.
உள்ளே ஆழம் இருக்கும், வெளியே கடல் இருக்கும்,
நடுவில் அந்த ஒரு முழம் இருக்காது.
படகெல்லாம் அலையில் தூக்கிப்போட்டு
நுழைய முடியாமல் நிற்கும்.
அப்படி நின்றது என் மூச்சு.

அப்போது ஒரு நிச்சயம் வந்தது.
பயமில்லை, பயத்துக்கும் முன்னால் வருவது.
செத்துப்போகிறேன்.
அதுவும் ஓர் அறிகுறிதானாம், பிறகு சொன்னார்கள்.
அறிகுறிக்கு இவ்வளவு தெளிவாய்ப் பேசத் தெரியும் என்று
நான் நினைத்ததில்லை.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
சரக்கு வண்டி.
ஆட்டோவிலிருந்து பெட்டிகளை எண்ணினேன்,
பதினாறுக்கு மேல் எண்கள் ஈரமாகி அழிந்தன.
ரத்தம் எங்கும் போய்விடவில்லை,
உடம்புக்குள்ளேயேதான் இருந்தது.
குழாய்கள் தளர்ந்து, கண்ணி விட்ட வலையாய் ஒழுக,
இதயம் மட்டும்
காலிக் கிணற்றில் வாளி போட்டு இறைத்துக்கொண்டே இருந்தது.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி.
படுக்க வைங்க, காலைத் தூக்குங்க என்று யாரோ கத்த
ஜெசிந்தா சிஸ்டர் புடவைக்கு மேலேயே
தொடையில் குத்தினாள்.
அட்ரினலின்.
என் சிறுநீரகத்தின் தலையிலும் அதே சாறு ஊறுமாம்,
இத்தனூண்டு.
பற்றவில்லை.
கை உதறியது, பல் அடித்தது,
நெஞ்சு மோட்டார் படகாய்க் கிளம்பியது.
பிறகு யாரோ மணலை வெட்டிவிட்டார்கள்.

ரெண்டாவது ஒண்ணு வரலாம்,
நாளைக்கு வரைக்கும் இருங்க என்றார் டாக்டர்.
தேவனாம்பட்டினத்துக்காரியிடம்
இதைச் சொல்லத் தேவையில்லை.
முதல் அலைக்குப் பிறகு கரைக்குத் திரும்பி வந்தவர்களை
எனக்குப் பெயர் பெயராய்த் தெரியும்.
இருந்தேன்.

ஆதார் அட்டை உறைக்குள் இப்போது ஒரு சீட்டு:
இறால், நண்டு ஆகாது.
இறால் வேகிற ஆவிகூடக் கூடாதாம்.
மேஸ்திரி என்னைச் சங்கரா மீன் பக்கம் மாற்றினார்,
கூலி குறைவு.
கரையேறி வரும் கலியமூர்த்தி
மூணு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்,
அப்புறமும் தொடுவதில்லை.

உடம்பின் மேல் கோபமில்லை.
திருடன் என்று யாரோ கத்தியதும்
ஊரே கட்டையும் கல்லுமாய்த் திரண்டு
பால் ஊற்ற வந்தவனை அடிக்குமே,
அந்த மாதிரி ஓடி வந்தது.
என்னைக் காப்பாற்றத்தான்.

நேற்று எதிர் வரிசையில் ராசகுமாரி
உரிப்பதை நிறுத்தி மணிக்கட்டைச் சொறிந்தாள்.
ஐஸ் தண்ணி என்றாள்.
எழுந்து போய்
அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன்.