வயதாகும் பாக்கி

என் வேலையே நினைவூட்டுவதுதான்.
மண்ணடியில், இரண்டாம் மாடியில்,
சாயப்பவுடர் விற்கும் கம்பெனியில்
யார் யார் எத்தனை நாளாய்த் தரவில்லை என்று
முப்பது, அறுபது, தொண்ணூறு எனப்
பாக்கிக்கு வயது எழுதிவைப்பவள்.
முப்பதுக்கு ஒரு "அன்புடன்".
அறுபதுக்கு அன்பு கிடையாது.
தொண்ணூறு தாண்டினால்
அவர்கள் முதலாளிக்கும் ஒரு நகல் போகும்.
ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட
அனுப்பும் விரல் தயங்கியதில்லை.

கிண்டியில் கடைசிச் சுற்று, ஒரு வியாழக்கிழமை.
கண்ணாடி அறை. மூன்று பேர்.
நடுவில் நிதித் தலைவர் வரதராஜுலு
பேனாவை மூடித் திறந்து மூடிக் கேட்டார்:
சரக்கு நாற்பத்தைந்து நாள் கிடக்கிறது,
வாங்கியவன் அறுபதில் தருகிறான்,
நாம் கொடுப்பது முப்பத்தெட்டில்.
நம் பணம் எத்தனை நாள் முடங்கும்?
நூற்று நாற்பத்து மூன்று என்றேன்,
சட்டென்று, சிரித்துக்கொண்டு.
அவரும் சிரித்தார். எழுதிக்கொண்டார்.

சின்னமலை தாண்டி ரயில்
மண்ணுக்குள் இறங்கும் இடத்தில்
காது அடைத்தபோது தெரிந்தது.
கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டேன்.
அறுபத்தேழு.
ஜன்னலுக்கு வெளியே அதுவரை இருந்த ஊர் போய்
என் முகம் மட்டும் நின்றது.

அன்றிரவே இரண்டு வரி நன்றி அனுப்பினேன்.
அதில் அறுபத்தேழைச் சொல்லவில்லை.
நன்றிக்குள் எதற்குக் கணக்கு என்று
எனக்கு நானே ஒரு சமாதானம்.

"ஒரு வாரத்துல சொல்றோம்" என்றிருந்தாள்
லிஃப்ட் வரை வந்த ரெபெக்கா.
வாரம் என்றால் ஏழு நாளா, ஐந்தா,
நடுவில் ஆயுத பூஜை வந்தால் மூன்றா?
உடைந்த பூசணிக்காய்களைச் சுற்றிச் சுற்றி நடந்து
எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை.

"எதுக்கும் ஒரு போன் போடேன்" என்றான் தம்பி.
"போடாதே, அலையறோம்னு தெரிஞ்சிடும்" என்றார் குணசீலன்,
தோசையைத் திருப்பியபடி.
அலையத்தானே செய்கிறேன்.
குளியலறைக்கும் கூடவே வருகிறது போன்.
கிரெடிட் கார்டு விற்கும் பெண்ணிடம்
"சொல்லுங்க மேடம்" என்று
நேற்று எழுந்து நின்று பேசினேன்.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்.
மெயிலைத் திறந்தேன். கை தானாகத் தட்டியது:
"தாங்கள் நன்கு அறிந்தபடி",
"இதுவரை தங்களிடமிருந்து பதில் இல்லாததால்".
எல்லாம் பாக்கிக்காரனுக்குத் தைத்த சட்டை.
வரதராஜுலு எனக்கு என்ன தரவேண்டும்?
ஒன்றும் இல்லை.
அதுதான் கஷ்டம்.
அழித்து அழித்து மிஞ்சியது இவ்வளவு:

அன்று நூற்று நாற்பத்து மூன்று என்றேன். தவறு, அறுபத்தேழு.
நாம் கொடுக்கும் நாட்களைக் கழித்திருக்க வேண்டும்.
ரயிலில் போகும்போது தெரிந்தது.
முடிவு எப்போது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.
மங்கையர்க்கரசி.

மணி மூன்று நாற்பது.
ராகு காலம் என்றது சுவர்க் காலண்டர்.
கிண்டிக்கும் அதே ராகு காலம்தானே.
அனுப்பினேன்.

உடனே பதில்!
"விடுப்பில் இருக்கிறேன். திங்களன்று திரும்புவேன்."
இயந்திரம் எழுதியது.
அன்புடன் என்று முடித்திருந்தது.

சரி, என் பட்டியலைப் பார்ப்போம்.
பல்லாவரம் தோல் கம்பெனி, நூற்றுப் பதினொரு நாள்.
அக்கவுண்டன்ட் நசீர் பாய்க்கு இதுவரை ஏழு மெயில்.
எட்டாவதைத் திறந்து
"அன்புடன்" என்று அடியில் போட்டுவிட்டு
மேலே என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன்.

போன் அடித்தது. கிண்டி இல்லை.
"மேடம், நசீர் பேசறேன். செக்குல
நாளைக்குக் கையெழுத்து ஆயிடும்.
தயவு செஞ்சு இன்னிக்கு எதுவும் அனுப்பாதீங்க."
"அனுப்பல பாய்."
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"நெசமாவா?" என்றார்.